காலி பாட்டில் கணக்கு

கம்பிவலையில் ஒரு கை நுழையும் அளவு ஓட்டை.
பதினோரு வருடமாக அதற்கு இந்தப் பக்கம் நான்.
முகத்தை வைத்து ஆளைச் சொல்லத் தெரியாது எனக்கு;
ஒண்டிக்கடையில் யாராவது வணக்கம் வைத்தால்
முதலில் விரலைத்தான் பார்ப்பேன்.

காப்பிப் பழம் பறித்த கை
கார்த்திகை தொடங்கித் தை வரை கருத்துப் பிசுபிசுக்கும்.
மிளகு பறிக்க ஏறுகிறவனுக்கு
உள்ளங்கையில் சில்வர் ஓக் மரத்தின் சிராய்ப்பு.
சனிக்கிழமை பட்டுவாடா.
அன்று நூறு ரூபாய்த் தாள் மடிப்பில்லாமல் வரும்.
புதன்கிழமை சில்லறைதான்,
எண்ணி எண்ணிச் சூடேறிய சில்லறை,
மூன்று பேர் கூட்டு, ஒரு குவார்ட்டர்.
மழை நாலு நாள் விடாமல் பிடித்தால்
வேலை இல்லை, கூலி இல்லை,
விற்பனை மட்டும் குறையாது.
அது எப்படி என்று மேற்பார்வையாளர் கேட்டதில்லை.
எதிரே அடகுக்கடைக்காரர்
குடை பிடித்துக்கொண்டு வந்து ஷட்டரைத் தூக்குவார்.

மலையில் கண்ணாடி சிதறக் கூடாதென்று
பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கச் சொன்னார்கள்.
காலியைத் தந்தால் பத்து திரும்பும்.
குடித்தவன் எங்கே தருகிறான்?
பாறை மேல் வைத்துவிட்டுப் போவான்,
இல்லையென்றால் பாறை மேல் அடித்துவிட்டு.

ஆண்டியம்மா கொண்டுவருவாள்,
கொண்டையனூரிலிருந்து, உரச்சாக்கில் கட்டி.
யாரோ தூரத்தில் பாத்திரம் விளக்குவது போல்
சாக்கு முதலில் காதுக்கு வந்து சேரும்.
"இது ஓடைக்கரையில. இது ஸ்கூல் காம்பவுண்டு பின்னாடி.
இது எங்க வூட்டுக் கூரை மேல."
கூரைமேல் கிடைத்தவை எல்லாம் ஒரே பிராண்டு,
மூடியில் பல்லால் கடித்த தடம். சடையனுடையது.
"எங்க ஆளு எனக்குத் தர்ற சம்பளம் சார்,
நூத்தி அம்பதுக்குப் பத்து," என்று
ஒருமுறை சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அந்தப் பத்துகளைச் சேர்த்துத்தான்
மகன் தரணியைச் சேலத்தில் ஐடிஐ படிக்க வைத்தாள்.
தினம் இருபது கொண்டை ஊசி இறங்கி ஏறினான்.
"அவன் தொட மாட்டான் சார்.
வாய ஊதச் சொல்லிப் பாத்துட்டேன், ஒரு வாடை கெடையாது."
நானும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்:
அந்த வயதுக் கைகள்
ஓட்டைக்குள் வருவது குறைந்திருந்தது.
பையன்கள் தேறிவிட்டார்கள் என்று
ஒரு மாதம் நம்பினேன்.

ஆடியில் ஒரு செவ்வாய்.
பனி கவுண்டர் வரை வந்து நின்றது.
சாக்கு இல்லாமல் வந்தாள்.
வழக்கமாகப் பக்கவாட்டுக் கதவுக்கு வருகிறவள்
அன்று ஓட்டைக்குள் கையை விட்டாள்.
பெருவிரலில் கண்ணாடி கிழித்த பழைய வடு.
விரித்தாள்.
மாத்திரை அட்டை.
வெள்ளித்தாள் கிழிந்து, பத்துக் குழியும் காலி.

"பேண்ட்டுப் பையில இன்னும் நாலு இருந்துச்சு.
தலவலியாடான்னா மொறைக்கறான்.
மூணு நாளாச் சோறு எறங்கல,
தூங்கறான், தூங்கறான்...
நீங்க எல்லாத்தையும் பாக்கறவரு.
இது எந்தக் கடைது சார்?"

திருப்பிப் பார்த்தேன்.
பெயர் இருந்த இடத்தை நகத்தால் சுரண்டியிருந்தார்கள்.
வாடை இல்லாத சரக்கு.
திறக்கும் நேரம், மூடும் நேரம் இல்லாத கடை.
காப்பிச் செடியடியில் விழுந்தால்
காலில் குத்தாது, கூரையில் உருளாது.
ஆண்டியம்மாவின் சாக்குக்கு அகப்படவே அகப்படாது.

"சேலம் ஜிஎச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றேன்.
"இன்னிக்கே," என்றும் சேர்த்துக்கொண்டேன்.
"பஸ் எத்தன மணிக்கு?"
தெரியவில்லை. பதினோரு வருடமாகப்
பைக்கில்தான் போய் வருகிறேன்.

அவளுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.
கை வெளியே போயிற்று. அட்டை என் பக்கம் கிடந்தது.
அதே ஓட்டையில் அடுத்த கை,
சுருட்டிய தாள்கள், நடுக்கம்.
குவார்ட்டரை எடுத்தேன்.
பத்து ரூபாய் ஸ்டிக்கர் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று
கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்
கொடுத்தேன்.